குவாண்டம் கம்ப்யூட்டருக்கும் கும்பகோணம் ராமானுஜனுக்கும் என்ன சம்பந்தம்? 1916-ல் போட்ட ஒரு கணக்கின் கதை!

எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்ப ஃபெயில். மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. 32 வயதில் மரணம். இப்படி வாழ்ந்த ஒருவர் எழுதி வைத்த எண் வரிசை ஒன்று, குவாண்டம் கம்ப்யூட்டர் ஆய்வில் இன்று பேசப்படுகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ராமானுஜன்?

சீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டு வழியில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். வருமானம் ரொம்பக் குறைவு.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதில் சுமார் 5,000 சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு விளக்கமே கிடையாது. ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தார். அங்கிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற நோட்டுப் புத்தகங்கள் தொடங்கின.

ஸ்காலர்ஷிப் போனது ஏன்?

1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். ஆனால் கணக்கைத் தவிர வேறெதிலும் கவனம் போகவில்லை. மற்ற பாடங்களில் ஃபெயில் ஆனதும் ஸ்காலர்ஷிப்பும் போனது. அந்த அவமானத்தில் வீட்டை விட்டே விசாகப்பட்டினம் வரை போனார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் அதே கதைதான். உடலியல் பாடம் காலை வாரியது. 1907-ல் திரும்ப எழுதியும் எஃப்.ஏ. தேறவில்லை. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் ஜானகியோடு கல்யாணமும் ஆனது. இனி சம்பாதித்தே ஆகணும்.

திருக்கோவிலூர் பயணம்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு, குறிப்பாக வடலூர், நெய்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு, ஒரு கூடுதல் தகவல். ராமானுஜன் வாழ்க்கையின் திருப்பம் நடந்தது அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான். வடலூரும் திருக்கோவிலூரும் அப்போது ஒரே மாவட்டம், தலைநகரம் கடலூர். திருக்கோவிலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

1910-ல் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார் ராமானுஜன். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இவர். ராமானுஜன் கேட்டது ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைப்பது சரியில்லை என்று முடிவு செய்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தொடர்புகள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் உதவினார். 1911-ல் கணிதக் கழகப் பத்திரிகையில் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை கிடைத்தது.

கடிதம், கப்பல், கேம்பிரிட்ஜ்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி.எச்.ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக சூத்திரங்கள். இதற்கு முன் அவர் எழுதிய மற்ற பேராசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. ஹார்டியும் முதலில் சந்தேகப்பட்டார். நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, இது ஏமாற்று வேலை இல்லை என்று புரிந்துகொண்டார்.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார். ஜானகி இங்கேயே இருந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. சைவச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம், பழக்கமில்லாத குளிர், தனிமை. இதற்கு நடுவில்தான் அவருடைய பெரிய ஆய்வுகள் வந்தன.

1916-ல் என்ன கண்டுபிடித்தார்?

இதுதான் நம்ம கதையின் மையம். முடிவே இல்லாத ஒரு பெருக்கல் சூத்திரத்தை எடுத்து விரித்தார் ராமானுஜன். அதிலிருந்து வரிசையாக எண்கள் வந்தன: 1, -24, 252, -1472, 4830, -6048... இதற்கு 'டௌ' என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து பாருங்கள். 2-வது எண் -24, 3-வது எண் 252. பெருக்கினால் -6048. அதுதான் வரிசையில் 6-வது எண்! 2-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 6 தானே? இடங்களைப் பெருக்கினால் எண்களும் பெருகுகின்றன. பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று ராமானுஜன் கணித்தார். மறு வருஷமே மோர்டெல் என்பவர் இதை நிரூபித்துவிட்டார்.

ஆனால் இன்னொரு கணிப்பு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பகா எண் இடங்களில் வரும் டௌ எண், ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டவே தாண்டாது என்பது அது. 2-வது இடத்துக்கு வரம்பு சுமார் 90, இருப்பது 24. 3-வது இடத்துக்கு வரம்பு சுமார் 841, இருப்பது 252. மைனஸ் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்க்கணும். இடம் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது என்றார். எப்படித் தெரிந்தது? சில எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அதில் தெரிந்த ஒழுங்கை வைத்துச் சொன்ன கணிப்பு.

ஹார்டி 1940-ல் எழுதிய புத்தகத்தில்கூட, டௌ எண்கள் கணிதத்தின் மையத்திலிருந்து விலகிய விஷயமாகத் தோன்றலாம் என்ற தயக்கத்தோடுதான் அதை அறிமுகம் செய்தார். கடைசியில் பியர் டெலின் என்ற பெல்ஜியக் கணித அறிஞர் இதை நிரூபித்தார். அந்தக் கட்டுரை வெளியான ஆண்டு 1974. நடுவில் 58 வருஷம் ஓடிவிட்டது.

சரி, 'உட்குலம்' என்றால் என்ன?

கணிதத்தில் குரூப் என்பதைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் குலம் என்பார்கள். அதற்குள்ளே இருக்கும் சின்ன குலம், உட்குலம். சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிகளும் ஒரு குலம். அதில் 3, 6, 9, 12 மட்டும் எடுங்கள். 6 மணியோடு 9 மணி நேரம் கூட்டினால் 3 வரும். இந்த நான்கில் எதை எதோடு கூட்டினாலும் இந்த நான்குக்குள்ளேயே வந்து நிற்கும். வெளியே போகாது. அதுதான் உட்குலம்.

எண்களால் ஆன அணிகளுக்கும் இதே மாதிரி உட்குலங்கள் உண்டு. ஒரு எண்ணால் வகுத்தால் குறிப்பிட்ட மீதி தரும் அணிகள் மட்டும் சேர்ந்தவை அவை. ராமானுஜனின் டௌ கணிப்பை இந்த உட்குலங்களுக்கும் விரிவாக்கினார்கள் பின்னால் வந்தவர்கள். அதற்கும் ராமானுஜன் கணிப்பு என்றே பெயர்.

குவாண்டம் கம்ப்யூட்டரில் இது எங்கே வருகிறது?

* சாதாரண கம்ப்யூட்டரின் 'பிட்' என்பது 0 அல்லது 1. குவாண்டம் கம்ப்யூட்டரின் 'க்யூபிட்' நிலையை ஒரு உருண்டையின் மேல் இருக்கும் புள்ளியாகக் காட்டலாம்.

* ஒரு க்யூபிட்டில் கணக்குப் போடுவது என்றால், அந்த உருண்டையைச் சுழற்றுவது. ஒவ்வொரு சுழற்சியும் ஒரு 'கேட்'. சாத்தியமான எல்லாச் சுழற்சிகளும் சேர்ந்தது ஒரு குலம், அது முடிவில்லாதது.

* எளிதாகச் செய்யக்கூடிய 'கிளிஃபோர்டு' கேட்கள் அதற்குள் ஒரு உட்குலம். மொத்தம் 24 தான். ஒரு தாயக் கட்டையை அதே இடத்தில் 24 விதமாகத் திருப்பி வைக்கலாம் இல்லையா, அதே 24.

* சிக்கல் என்ன? உட்குலம் என்பதால் இவற்றை எத்தனை தடவை சேர்த்தாலும் 24-ஐத் தாண்ட முடியாது. பல க்யூபிட்கள் இருந்தாலும், கிளிஃபோர்டு கேட்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கை சாதாரண கம்ப்யூட்டரே வேகமாகச் செய்துவிடும். அப்புறம் குவாண்டம் கம்ப்யூட்டர் எதுக்கு?

அதனால் உட்குலத்துக்கு வெளியே இருந்து ஒரு கேட்டையாவது சேர்க்கணும். அப்படிச் சேர்த்தால் எந்தச் சுழற்சிக்கும் எவ்வளவு நெருக்கமாக வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒவ்வொரு கேட்டும் நேரம் பிடிக்கும், பிழையும் சேரும். எத்தனை குறைவான கேட்களில் வேலையை முடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் ராமானுஜன் வருகிறார். 1980-களில் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சர்னாக் ஆகிய மூவர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளைச் சுற்றி, சுமார் 126.87 டிகிரி திரும்பும் சுழற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் கிடைக்கும் புள்ளிகள், ஒரே இடத்தில் குவியாமல் உருண்டை முழுக்க மிகச் சீராகப் பரவும். அந்தச் சீரான பரவலுக்கு உத்தரவாதம் தருவது, விரிவாக்கப்பட்ட ராமானுஜன் கணிப்பும் டெலினின் நிரூபணமும்தான்.

1988-ல் இந்த மூவர் உருவாக்கிய வலைப்பின்னல்களுக்கு 'ராமானுஜன் கிராஃப்' என்றே பெயர் வைத்தார்கள். 2015-ல் இதே கணிதத்தைக் குவாண்டம் கேட்களோடு இணைத்து சர்னாக் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இந்த வகைக் கேட்களுக்கு 'தங்க கேட்' என்று பெயர். பெரும்பாலான சுழற்சிகளை, சாத்தியமான குறைந்தபட்ச அளவுக்கு மிக நெருக்கமான எண்ணிக்கையிலேயே இவை செய்து முடிக்கும்.

அப்போ ராமானுஜன் குவாண்டம் கம்ப்யூட்டரை முன்கூட்டியே சொன்னாரா?

இல்லை. அப்படி ஃபார்வேர்டு வந்தால் நம்ப வேண்டாம். குவாண்டம் இயக்கவியல் முழு வடிவம் பெற்றது 1925-க்குப் பிறகு. அப்போது ராமானுஜன் உயிரோடு இல்லை. கட்டுரையில் உட்குலம் என்ற மொழியையும் அவர் பயன்படுத்தவில்லை. அவர் பார்த்தது எண்களின் ஒழுங்கை. அதன் ஆழத்தில் உட்குலங்கள் இருப்பதையும், அது கேட்களுக்கு உதவும் என்பதையும் கண்டுபிடித்தது பின்னால் வந்த பல தலைமுறை ஆய்வாளர்கள்.

கடைசி நாட்கள்

1917-ல் ராமானுஜன் உடல்நிலை மோசமானது. காசநோய் என்று சிகிச்சை கொடுத்தார்கள். அமீபாவால் வந்த கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. அது உண்மை என்றால், அன்றே குணப்படுத்தியிருக்கக்கூடிய நோய்.

1918 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெலோ ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1919-ல் ஊர் திரும்பினார். படுத்த படுக்கையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது.

கடைசி மாதங்களில் எழுதிய தாள்களை ஜானகி சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அவை இங்கிலாந்துக்குப் போய், 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று இன்று சொல்லப்படுவது அதுதான். ஜானகி 1994 வரை சென்னையில் வாழ்ந்தார். கணவரின் டௌ கணிப்பு நிரூபிக்கப்பட்டபோதும், அவர் பெயரில் ராமானுஜன் கிராஃப் வந்தபோதும் அவர் உயிரோடு இருந்தார்.