இதழகத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

பொதிய மலையில் பிறந்து, பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களை வளப்படுத்திக் கீழிறங்கும் தாமிரபரணியின் கரையில் அமைந்த திருநெல்வேலியைத் தமிழகம் நன்கறியும். அதே பெயரில் கடல் கடந்தும் ஓர் ஊர் உண்டு. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாண நகரை அடுத்துள்ள திருநெல்வேலி அது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாது, கிணற்று நீரை நம்பி வாழும் அம்மண்ணில் 1974ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர், அதற்கு முன்னர் நாளிதழ் ஆசிரியராகப் புகழ்பெற்றிருந்த க. கைலாசபதி.

கைலாசபதி 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மலாயாவின் கோலாலம்பூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் தம் முன்னோர் மண்ணாகிய இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு ரோயல் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ப் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, 1957இல் முதல் வகுப்பில் தேறினார். க. கணபதிப்பிள்ளை, சு. வித்தியானந்தன் முதலிய பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர்.

பட்டம் பெற்றவுடன் அவர் சென்ற இடம் வகுப்பறையன்று, இதழகம். கொழும்பின் தினகரன் நாளிதழில் பணியில் சேர்ந்து, 1959இல், இருபத்தாறாம் வயதில், அதன் ஆசிரியரானார். அந்நாளில் ஈழத்து வாசகர் கதையும் தொடர்கதையும் படிக்கத் தமிழகத்து இதழ்களையே பெரிதும் எதிர்நோக்கியிருந்தனர். தம்மைச் சூழ்ந்த வாழ்க்கையைத் தாமே எழுத வல்லவர்கள் ஈழத்திலும் உண்டு என்பதைக் கைலாசபதி உணர்ந்திருந்தார். உழவர், மீனவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், சாதியால் ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் வாழ்வைச் சொல்லும் படைப்புகளுக்குத் தினகரனில் இடமளித்தார். அம்மக்களின் பேச்சுமொழியும் அப்படைப்புகளின் வழியே அச்சேறியது. பேச்சு வழக்கு இலக்கியமாகுமா என்று மரபறிஞர் சிலர் வினவினர். கடும் விவாதம் மூண்டது. கைலாசபதி எழுத்தாளர் பக்கமே நின்றார். ஈழத்து இலக்கியம் தன் மண்ணின் மணத்தோடு வளர அந்நிலைப்பாடு துணைசெய்தது.

1961இல் அவர் நாளிதழ் ஆசிரியர் பதவியைத் துறந்து, பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தார். செல்வாக்கு மிக்க ஓர் இருக்கையை விட்டுக் கல்வித்துறையின் முதற்படியில் நிற்க அவர் தயங்கவில்லை. அடுத்த ஆண்டே பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்டு ஆராயும் ‘இரு மகாகவிகள்’ என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க மொழியறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்ட அவ்வாய்வு, 1968இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழி ஆங்கில நூலாக வெளிவந்தது. ஊர்தோறும் சென்று பாடிய பாணர்களின் வாய்மொழி மரபில் சங்கப் பாடல்கள் வேர்கொண்டவை என்பது அவர் துணிபு. அதனை ஏற்றோரும் உண்டு; மறுத்தோரும் உண்டு. எனினும், தமிழைப் பிறமொழி இலக்கியங்களோடு ஒப்பவைத்து நோக்கும் துறைக்கு அவர் நூல்கள் அடித்தளமிட்டன.

நூலறிவு மட்டும் போதாத பொறுப்பு 1974இல் அவரை நாடி வந்தது. பல்கலைக்கழக நுழைவில் புகுத்தப்பட்ட ‘தரப்படுத்தல்’ முறையால் தமிழ் மாணவர்கள் கொதிப்புற்றிருந்த காலம் அது. தமிழருக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையிலேயே அமைதல் வேண்டும் என்பது தமிழ்த் தலைவர்கள் பலரின் நெடுநாள் கோரிக்கை. ஆதலின், அரசு யாழ்ப்பாணத்தில் வளாகம் தொடங்க முற்பட்டபோது, அதனை ஐயுற்றோர் பலராயினர். பொறுப்பை ஏற்றால் தம் மக்களில் ஒரு சாராரின் பகையைத் தேட நேரும். மறுத்தால் கல்வி வாயில் ஒன்று திறவாமலே போகக்கூடும். கைலாசபதி பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களில் வளாகம் இயங்கத் தொடங்கியது. அறிவியல் வகுப்புகள் வட்டுக்கோட்டையில் நடைபெற்றன. இசை கற்பித்துவந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் வளாகத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ் மாணவரோடு சிங்கள மாணவரும் அங்குப் பயின்றனர். இதழில் எளியோரின் எழுத்துக்கு இடம் தந்தவர், கல்விக்கூடத்திலும் அவ்வாறே பலரும் புகும் வண்ணம் கதவைத் திறந்து வைக்க முனைந்தார். 1977 சூலையில் அவரது தலைமைக் காலம் முடிவுற்றது. அடுத்த மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது. சிங்கள மாணவர்கள் வளாகத்தை விட்டுச் சென்றனர். அவர் விரும்பிய ஒன்றுகூடிய கல்விக்கு அது பேரிழப்பாயிற்று.

பதவி நீங்கியபின்னும் கைலாசபதி வளாகத்தை விட்டு நீங்கவில்லை. தமிழ்ப் பேராசிரியராகக் கற்பித்தலைத் தொடர்ந்தார். 1979இல் அவ்வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்னும் தனி நிறுவனமாயிற்று. 1982ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள், ஐம்பதாம் வயது நிறையுமுன்னரே, அவர் மறைந்தார். பின்வந்த நெடும்போரின் இடர்களுக்கிடையிலும் அப்பல்கலைக்கழகம் மாணவர்க்குக் கல்வி வழங்கி வந்தது. அங்குள்ள கைலாசபதி கலையரங்கு அதன் முதல் தலைவரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.