துன் சம்பந்தனும் பத்து வெள்ளியும்



துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்த ரப்பர் நிலம் இருந்தது. அதனால் கோலகங்சார் கிளிபர்டு பள்ளி, பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று மேலே படித்தார். அதே காலத்தில் பால்மரம் வெட்டியவர் பிள்ளைக்குத் தோட்டப் பள்ளியோடு படிப்பு சரி. அறிவு குறைவா? இல்லீங்க, நிலம் இல்லை.

1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வேலை போனால் வீடும் போச்சு, பிள்ளை படிப்பும் போச்சு. அப்போது ம.இ.கா. தலைவராயிருந்த அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடச் சொன்னார். அது மூணு நாலு நாள் கூலி! 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம்.

1979-இல் அவர் மறைந்தார். ஆறாம் வகுப்புகூடத் தாண்டாத நம் தாத்தா பாட்டி சிலர் அந்தப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பாங்க. கேட்டுப் பாருங்க, தம்பி.