கண்டங்களை நகர வைத்த வானிலைக்காரர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ல போகும்போது மேற்குப் பக்கம் கூடவே வரும் மலையைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பாறைகளுக்கு வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல. அவை உருவான காலத்துக்குப் பிறகு ரொம்ப நாள் நம்ம ஊரும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தன. இதை உலகத்துக்கு அழுத்தமா சொன்னவர் ஆல்ஃபிரட் வெகனர். அவர் படித்தது ஜியாலஜி இல்லைங்கிறதுதான் ஆச்சரியம்!

1880-ல் பெர்லினில் பிறந்த வெகனர், 1905-ல் பிஎச்டி வாங்கியது வானியலில். வேலை பார்த்தது வானிலை ஆராய்ச்சியில். 1906-ல் அண்ணன் கர்ட்டோட பலூனில் ஏறி 52 மணி நேரத்துக்கு மேல் பறந்து சாதனை படைத்தார். அதே வருஷம் கிரீன்லாந்துக்குக் கிளம்பிட்டார்.

தென் அமெரிக்காவின் ஓரமும் ஆப்பிரிக்காவின் ஓரமும் பொருந்துவது அவர் கண்ணை உறுத்தியது. இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாத்திலும் குளோசோப்டெரிஸ் என்ற ஒரே செடியின் புதைபடிவம் கிடைக்குது. கடலைத் தாண்டி எப்படிப் போயிருக்கும்? செடி போகலை, நிலம்தான் பிரிஞ்சு போச்சு என்று 1912-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அறிவித்தார். முதல் உலகப் போரில் காயம்பட்டு ஓய்வில் இருந்தபோது அதைப் புத்தகமாக்கி, 1915-ல் வெளியிட்டார்.

ஆசியாவின் ஓரத்தில் வில் மாதிரி வளைந்து நிற்கும் தீவுகளையும் அவர் விடலை. நகர்ந்து போன கண்டத்திலிருந்து கழன்று பின்தங்கிய துண்டுகள் அவை என்று நினைத்தார்.

ஜியாலஜிஸ்டுகள் ஒத்துக்கலை. 1926-ல் நியூயார்க் கூட்டத்தில் பலர் அவர் கருத்தைக் கடுமையாக எதிர்த்தாங்க. அதில் ஒரு நியாயமும் இருந்தது. கண்டத்தைத் தள்ளும் விசை எது என்ற கேள்விக்கு, பூமியின் சுழற்சி, அலை ஈர்ப்பு என்று அவர் சொன்ன பதில் கணக்குக்குப் பத்தலை. ஆதாரம் இருக்கு, மெக்கானிசம் இல்லை. ப்ராஜெக்ட் ரிவியூவில் நின்றவங்களுக்கு இந்த வலி புரியும்.

1930-ல் மறுபடியும் கிரீன்லாந்து. கடற்கரையிலிருந்து 400 கி.மீ. உள்ளே, பனிக்கு நடுவில் இருந்த முகாமில் குளிர்காலத்துக்குச் சாமான் போதவில்லை. வெகனரே கிளம்பினார். மைனஸ் 50 டிகிரி குளிரில், அக்டோபர் 30-ல் போய்ச் சேர்ந்தார். நவம்பர் 1, அவரது ஐம்பதாவது பிறந்தநாள். அன்றே ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞரோடு திரும்பினார். கரைக்கு இருவருமே வந்து சேரவில்லை. அடுத்த மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது. வில்லும்சென் கவனமாகப் புதைத்திருந்தார். வில்லும்செனின் உடல் கிடைக்கவே இல்லை.

விடை 1960-களில் கடலடியிலிருந்து வந்தது. கடல்தரை நடுவில் விரியுது, ஓரத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் போகுது. நம்ம அந்தமானில் ரெண்டையும் பார்க்கலாம். இந்தியத் தட்டு அங்கே கீழே இறங்குவதால்தான் பாரன் தீவு எரிமலை 1991-லிருந்து அவ்வப்போது வெடிக்குது. 2004 சுனாமியும் அதே எல்லையில் எழுந்ததுதான். தீவு வரிசைக்குப் பின்னால், அந்தமான் கடலடியில், சுமார் 40 லட்சம் ஆண்டுகளாகத் தரை பிளந்து விரிந்துக்கிட்டு இருக்கு. தீவுகள் விலகுவது பற்றி வெகனர் நினைத்ததில் பாதி சரி. காரணம்தான் வேற.

இந்தியா வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. நகருதுன்னு இப்போ ஜிபிஎஸ் அளக்குது. நீங்க டிகிரி முடிக்கிற நாலு வருஷத்தில் உங்க காலேஜ் கிட்டத்தட்ட 20 செ.மீ. வடகிழக்கே போயிருக்கும். ஸ்கேலை எடுத்து வெச்சுப் பாருங்க!