அரபுக் கிதாபுகளில் தென்னகத்தைத் தேடிய டாக்டர் ஹுசைன் நயினார்

பிளஸ் டூ முடிவு வந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், கல்லூரியில் அரபு எடுத்தால் என்ன பயன்? ஓதத்தான் மத்ரஸா இருக்கிறதே!" வளைகுடா வேலை என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் டாக்டர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினாரின் வாழ்க்கையைச் சொல்வதே சரியான பதில் என்பது என் எண்ணம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பார்ஸி, உர்தூ துறையின் தலைவராக இருந்தவர் அவர். அரபு இலக்கணமும் இலக்கியமும் கற்றுக்கொடுப்பதோடு அவர் வேலை முடியவில்லை. அந்த மொழிகளில் நம் மண்ணைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் போனார்.

முதலில் கையில் எடுத்தது பார்ஸி நூல்களை. ஆற்காடு நவாபுகளின் வரலாற்றைச் சொல்லும் 'துஸுக்கே வாலாஜாஹி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1934இல் வெளியானது. அந்த வரிசை 1950 வரை நீண்டது. நவாப் அஃஸம் ஜாஹ் சென்னையிலிருந்து நாகூருக்குச் சென்ற பயணத்தை விவரிக்கும் நூலும் அதில் உண்டு.

1942இல் அவருடைய இரண்டு முக்கிய நூல்களைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஒன்று, பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மலபாரில் போர்த்துகீசியர் செய்த கொடுமைகளையும் அவர்களை எதிர்த்து நின்றவர்களையும் அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் ஆலிம் பதிவுசெய்த நூல் அது. போர்த்துகீசியர் எழுதிய குறிப்புகளை மட்டும் வைத்திருந்தால் ஒரு பக்கத்து நியாயம்தான் நமக்குத் தெரிந்திருக்கும்.

மற்றொன்று, அரபுப் புவியியலாளர்கள் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்திருந்ததைத் தொகுத்த ஆய்வு. ஒன்பதாம் நூற்றாண்டு வணிகர் சுலைமான், மஸ்ஊதி, இத்ரீஸி போன்றோர் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார்கள். நம் கிழக்குக் கரை பிற்கால அரபு எழுத்தாளர்களுக்கு 'மஅபர்'. இந்த வேலையின் சிரமம் மத்ரஸாவில் ஓதியவர்களுக்குப் புரியும். பா, தா, நூன் ஒரு சொல்லின் நடுவில் வரும்போது வேறுபடுவது நுக்தாவில்தான். பிரதி எடுத்தவர் ஒரு புள்ளியை விட்டாலும் ஊர்ப்பெயர் மாறிவிடும். ஹரகத்தும் இருக்காது. அரபு மட்டும் தெரிந்தால் அந்தப் பெயரை வாசிக்கலாம். எந்த ஊர் என்று கண்டுபிடிக்க இந்த மண்ணையும் அதன் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு அறிவும் ஒருவரிடமே சேர வேண்டும், அதற்குத்தான் பல்கலைக்கழகத்தில் அரபு.

1953இல் ஜாவாவைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் எழுதியதையும் நூலாக்கினார்.

கடற்கரை ஊர்களின் கதை நமக்கெதற்கு என்று உள்நாட்டில் இருக்கும் நாம் நினைக்க வேண்டாம். சேலம், நாமக்கல் நிலப்பகுதி 1792 வரை ஹைதர் அலி, திப்பு சுல்தானின் மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த அரசவையின் கடிதங்களும் வரலாறுகளும் பார்ஸியில், அரபு எழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றை நேரடியாகப் படிக்க நம் மாவட்டங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருவார்கள்?

நயினாரின் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' மொழிபெயர்ப்பு 2006இல் கோலாலம்பூரில் மறுபதிப்புக் கண்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கலாம்.