செம்பை தந்த செல்வம்



மூணாற்றுக்கு அருகே மலைமேல் சித்திரபுரம் என்றோர் ஊர் உண்டு. தேயிலைத் தோட்டங்களும் பனியும் சூழ்ந்த சிற்றூர். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரைத் தாங்கிய ஊர். 1940ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தோடு சேர்ந்து வளர்ந்தது அது. சுற்றிலும் உள்ள லயங்களில் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள்.

1950களில் அங்கே ஒரு மாலைப்பொழுது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேநீர்க் கடையின் பலகைமீது ஒரு வானொலிப் பெட்டி. திருகியதும் பாடிவிடாது, வால்வுகள் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் இருட்டிய பிறகுதான் தெளிவாகக் கேட்கும். செய்தி முடியும். நாடகம் தொடங்கும். கொட்டாங்கச்சியைத் தட்டிய ஓசையே குதிரைக் குளம்படியாகிவிடும். கேட்பவர் மனமே மேடையாகிவிடும். அதன்பின் தம்பூராவின் சுருதி எழும், கச்சேரி தொடங்கும்.

பட்டணத்துச் சபாவில் நுழையச் சீட்டு வேண்டும். கோயிலுக்குள் நுழைய எல்லார்க்கும் உரிமை இருந்ததில்லை. வானொலிக்கும் ஆண்டுக் கட்டணம் இருந்தது உண்மையே. ஆனால் அதைக் கட்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர்தாம். கடை வாசலில் கம்பளி போர்த்து நின்று கேட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவில்லாத சபை அது. அந்தச் சபையிலும் பாடி, தம் வாழ்வையும் கதவில்லாமல் வைத்திருந்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவர்தாம் செம்பை வைத்தியநாத பாகவதர்.

பாலக்காட்டை அடுத்த கோட்டாயி ஊரைச் சேர்ந்தது செம்பை என்னும் சிற்றூர். 1896இல் அனந்த பாகவதருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வைத்தியநாதன். தலைமுறை தலைமுறையாக இசையையே செல்வமாகக் கொண்ட குடும்பம் அது. தந்தையே குரு. தம்பி சுப்பிரமணியத்தோடு சேர்ந்து 1904ஆம் ஆண்டில், பாரதப்புழைக் கரையில் உள்ள ஒற்றப்பாலத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது எட்டு. இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

வெண்கல மணி போன்றது அவர் குரல். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் பந்தலின் கடைசி வரிசை வரை அது தடையின்றிச் சென்றது. பாட்டின் எந்த இடத்தைக் காட்டினாலும் அங்கிருந்தே நிரவலும் சுரமும் தொடங்கவல்ல ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆனால் அவரைப் பெரியவராக்கியது அந்த ஆற்றல் மட்டுமன்று. பக்கவாத்தியக்காரர் நன்றாக வாசித்தால் மேடையிலேயே மனம் திறந்து பாராட்டுவார். புதியவர் என்று யாரையும் ஒதுக்கமாட்டார்.

1924ஆம் ஆண்டில் சென்னை ஜகந்நாத பக்த சபையில் அவர் பாடினார். மிருதங்கத்தின் முன் அமர்ந்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். பெரிய வித்துவான் ஒருவர் சிறுவனை நம்பித் தம் கச்சேரியை ஒப்படைப்பது எளிய செயலா? தாளம் தவறினால் பழி பாடுபவரையும் சேரும். செம்பை தயங்கவில்லை. அந்தச் சிறுவனே பின்னாளில் இசையுலகம் போற்றிய பாலக்காடு மணி ஐயர். அதே 1924இல்தான் சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது என்பது இனிய பொருத்தம். பிறகு 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. சபாக்களில் முழங்கிய குரல்கள் மலைகளையும் கடலையும் கடந்தன. செம்பையின் குரலும் அவற்றுள் ஒன்று.

1951இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. புகழின் உச்சி அது. மறு ஆண்டே வந்தது இடி. 1952இல் அவர் குரல் திடீரென்று அடங்கிவிட்டது. பாடகருக்குக் குரல் போவதும் உழவனுக்கு நிலம் போவதும் ஒன்றுதானே! தில்லியிலிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்பான தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நாடு காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்த நேரத்தில் செம்பையின் தொண்டை மூடிக்கொண்டது.

வைத்தியம் நடந்தது, குருவாயூரில் வேண்டுதலும் நடந்தது. குரல் திரும்பியது. திரும்பிய குரல் தமக்குச் சொந்தமன்று, குருவாயூரப்பன் தந்த இரவல் என்றே அவர் எஞ்சிய நாளெல்லாம் நம்பினார். இரவல் பொருளைப் பூட்டிவைக்கலாமா? வாரி வழங்கினார். வயலின் வி. வி. சுப்பிரமணியம், டி. வி. கோபாலகிருஷ்ணன், இரட்டையரான ஜெய–விஜயர் என மாணவர் வரிசை நீண்டது.

அந்த வரிசையில் ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸ். செம்பை உயிரினும் மேலாகப் போற்றிய குருவாயூர்க் கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதார் நுழைய முடியாது. ஆசாரம் நிறைந்த குடும்பத்தில் பிறந்து, அந்தக் கோயிலையே கதியென்று கிடந்த முதியவர், அதன் வாசலைத் தாண்ட இயலாத இளைஞரை அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுத்தார். மேடையில் தம்மோடு பாடவும் வைத்தார். கோயிற் கதவைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. இசையின் கதவு அவர் கையில் இருந்தது. அதை அவர் சாத்தவில்லை. உரத்த சொற்பொழிவுகள் பல செய்யாததை அந்த எளிய செயல் செய்தது என்றால் மிகையன்று.

1958இல் சங்கீத நாடக அகாடமி விருதும் 1973இல் பத்ம பூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில், ஒற்றப்பாலத்துக் கோயில் ஒன்றில் பாடி முடித்தார். அன்றே அங்கேயே உயிர் நீத்தார். எட்டு வயதில் முதன்முதலாக மேடையேறிய ஊரில், எழுபது ஆண்டுகளுக்குப் பின் கச்சேரி நிறைவுற்றது.

குருவாயூரில் ஆண்டுதோறும் ஏகாதசியையொட்டி நடைபெறும் செம்பை சங்கீத உற்சவத்தில், பெயர் பெற்றவரும் நேற்றுப் பழகத் தொடங்கிய சிறுவரும் பாடுகின்றனர். வானொலி பதிவு செய்து வைத்த அவர் கச்சேரிகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. விடுதி அறையில் ஒருநாள் மாலை அவற்றைக் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டாம். அறைக் கதவைத் திறந்து வைத்துக் கேளுங்கள். தாழ்வாரத்தில் போகிறவர் யாராயினும் உள்ளே வந்து அமரட்டும். செம்பைக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.