ஈரம் பொறுக்காத கண்டுபிடிப்பு

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்தோர் கிரிக்னார்டு வினைக்காரணி என்னும் பெயரை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அந்தப் பெயருடன் 'உலர் ஈதர்' என்னும் சொற்களும் ஒட்டிக்கொண்டே வரும். சமன்பாட்டின் அம்புக்குறிக்கு மேல் அவற்றை எழுதத் தவறினால் மதிப்பெண் குறையும் என்பதால் மனப்பாடம் செய்தவர்களே மிகுதி. ஏன் ஈதர், அதுவும் ஏன் உலர்ந்த ஈதர் என்று கேட்டவர்கள் சிலரே. விக்டர் கிரிக்னார்டு என்னும் பிரெஞ்சு வேதியியலாளரின் பெரும்புகழுக்குக் காரணம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பிரான்ஸின் வடகரைத் துறைமுக நகரான ஷெர்பூரில் 1871 மே 6 அன்று அவர் பிறந்தார். தந்தை கப்பல்களுக்குப் பாய் தைக்கும் தொழிலாளி. படிப்பில் சிறந்து விளங்கிய மகன், 1889-இல் உதவித்தொகை பெற்றுக் குளூனி நகரில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்வி நிலையம் ஒன்றில் சேர்ந்தார். பழைய கல்விமுறையா, புதிய கல்விமுறையா என்ற பூசலில் இரண்டே ஆண்டுகளில் அந்த நிலையம் மூடப்பட்டது. படிப்பை முடிக்க லியோன் நகருக்கு வந்தவர், கணிதப் பட்டத் தேர்வில் தோற்றார். ராணுவப் பணியை முடித்துத் திரும்பிய பிறகு, 1894-இல்தான் அத்தேர்வில் வென்றார்.

வேதியியல் மீது அவருக்கு அப்போது மதிப்பில்லை. கணிதத்தின் ஒழுங்கு இல்லாத, வெறும் அனுபவக் குறிப்புகளின் தொகுப்பு என்றே அதைக் கருதினார். வற்புறுத்தலுக்கு இணங்கியே அவ்வாண்டு டிசம்பரில் லியோன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கீழ்நிலைப் பணி ஒன்றை ஏற்றார். அங்கே பேராசிரியர் பிலிப் பார்பியேவின் தொடர்பு கிடைத்தது.

அந்நாளில் கரிமச் சேர்மங்களில் புதிய கார்பன் பிணைப்புகளை உருவாக்கத் துத்தநாகம் பயன்பட்டது. ஆனால் துத்தநாகத்தின் கரிமச் சேர்மங்கள் காற்றுப் பட்டாலே தீப்பற்றக் கூடியவை. 1899-இல் பார்பியே துத்தநாகத்துக்கு மாற்றாக மெக்னீசியத்தை எடுத்தார். மெத்தில் அயோடைடு, மெக்னீசியம், கீட்டோன் மூன்றையும் ஒரே குடுவையில் இட்டு வினைபுரியச் செய்தார். வினை நிகழ்ந்தது, ஆனால், ஒருநாள் கிடைத்த விளைச்சல் மறுநாள் கிடைக்கவில்லை. இந்தச் சிக்கலை ஆராயும் பணி மாணவரிடம் வந்தது.

கிரிக்னார்டு பழைய ஆய்வுகளைப் புரட்டினார். ஆங்கில வேதியியலாளர் பிராங்க்லாண்டு, துத்தநாகச் சேர்மங்களை ஈதரில் தயாரித்த முறை அவர் கண்ணில் பட்டது. மெக்னீசியத்துக்கும் அதையே செய்து பார்த்தால் என்ன? கீட்டோனைத் தள்ளி வைத்துவிட்டு, நீர் முற்றிலும் நீக்கப்பட்ட ஈதரில் மெக்னீசியத்தையும் ஆல்கைல் ஹாலைடையும் மட்டும் முதலில் வினைபுரியச் செய்தார். தெளிவான கரைசல் கிடைத்தது. அதிலிருந்து சேர்மத்தைப் பிரித்தெடுத்து ஆபத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை; கரைசலாகவே பயன்படுத்தலாம். 1900 மே மாதம் அறிவியல் கழகத்தின் இதழில் இம்முடிவு வெளியானபோது அவருக்கு வயது 29. மறு ஆண்டு அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று.

ஈதர் அங்கே என்ன செய்தது? ஈதரையும் பியூட்டனாலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டிலும் 4 கார்பன், 10 ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பியூட்டனாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜன் மீது அமர்ந்திருக்கிறது. ஈதரில் எல்லா ஹைட்ரஜன்களும் கார்பன் மீதே உள்ளன. இந்த ஓர் இடமாற்றத்தால் பியூட்டனால் சுமார் 118 டிகிரி செல்சியஸிலும், ஈதர் சுமார் 35 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் மீது அமர்ந்த ஹைட்ரஜனைப் புரோட்டானாக வழங்கவல்ல நீர், ஆல்கஹால் போன்றவற்றைப் புரோட்டிக் கரைப்பான்கள் என்றும், அவ்வாறு வழங்காத ஈதர் போன்றவற்றை ஏபுரோட்டிக் கரைப்பான்கள் என்றும் பின்னாளில் வேதியியல் வகைப்படுத்தியது.

மெக்னீசியத்துடன் பிணைந்த கார்பன் புரோட்டானுக்காக ஏங்கி நிற்பது. 18 கிராம் நீர் போதும், 133 கிராம் எத்தில் மெக்னீசியம் புரோமைடு முழுவதும் ஈத்தேன் வாயுவாகிப் பயனற்றுப் போகும். ஈதரோ புரோட்டானைத் தருவதில்லை. மாறாக, தன் ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணையால் மெக்னீசியத்தைத் தாங்கிக் கரைசலில் நிறுத்துகிறது. ஏபுரோட்டிக் என்பதாலேயே எல்லாக் கரைப்பானும் இதற்குப் பொருந்திவிடாது. அசிட்டோன் புரோட்டிக் கரைப்பான் அன்று. ஆனால், அதுவே கீட்டோன் ஆதலால் வினைக்காரணிக்கு இரையாகிவிடும். கீட்டோனுடன் வினை முடிந்த பிறகு, ஆல்கஹாலை விடுவிக்க நீர்தான் சேர்க்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. தொடக்கத்தில் பகையான நீர், முடிவில் துணையாகிறது.

இந்தப் பலவீனமே பின்னர் ஓர் அளவுகோலாகவும் ஆயிற்று. மெத்தில் மெக்னீசியம் அயோடைடுடன் ஒரு பொருளைச் சேர்த்து, வெளியேறும் மீத்தேனின் கன அளவிலிருந்து அப்பொருளில் புரோட்டானாக விலகவல்ல ஹைட்ரஜன்கள் எத்தனை என்று கணக்கிடும் முறையைச் சுகாயெவ், செரெவிட்டினோவ் என்னும் ரஷிய வேதியியலாளர்கள் உருவாக்கினர்.

1912-இல் பால் சபாத்தியேவுடன் நோபல் பரிசைக் கிரிக்னார்டு பகிர்ந்துகொண்டார். பார்பியேவுக்கு அப்பரிசில் பங்கில்லை. மெக்னீசியத்தை எடுத்துக் கொடுத்தவர் தம் ஆசிரியரே என்பதை நோபல் உரையிலேயே மாணவர் பதிவு செய்தார். ஒரே குடுவையில் யாவற்றையும் சேர்க்கும் முறைக்கு மட்டும் இன்று பார்பியேவின் பெயர் வழங்குகிறது.

1914-இல் போர் மூண்டது. நோபல் பரிசு பெற்றவர் பழைய ராணுவப் பதவியிலேயே காவல் பணிக்கு நிறுத்தப்பட்டார். அவருடைய அறிவின் பயன் பின்னரே உணரப்பட்டது. உணரப்பட்டதும் நச்சு வாயு ஆய்வுக்கு அவர் அனுப்பப்பட்டார். பாஸ்ஜீன் வாயுவை ஆராய்ந்தார். கடுகு வாயுவைக் கண்டறியும் வழியைத் தேடினார். ஆக்கத்துக்குப் பெயர்பெற்ற கைகளை அழிவுக்குத் திருப்பிய அந்தப் பக்கத்தை அவருடைய வரலாற்றிலிருந்து கிழித்துவிட முடியாது.

1919-இல் பார்பியே வகித்த பேராசிரியர் பதவிக்கே வந்து அமர்ந்தவர், 1935 டிசம்பர் 13 அன்று லியோனில் காலமானார்.

புதிய தனிமத்தையோ புதிய கருவியையோ கிரிக்னார்டு கண்டுபிடிக்கவில்லை. மெக்னீசியமும் ஈதரும் முன்பே இருந்தவை. எதை முன்னே சேர்ப்பது, எதில் கரைப்பது, எதை விலக்கி வைப்பது என்பதை அவர் சிந்தித்தார். நம் வகுப்பறைகளிலோ கரைப்பான் இன்றும் அம்புக்குறியின் மேல் எழுதும் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. புரோட்டிக், ஏபுரோட்டிக் என இரு பட்டியல்களை ஒப்பிக்கச் செய்வதைவிட, இந்த மூலக்கூறில் ஹைட்ரஜன் எந்த அணுவின் மீது அமர்ந்திருக்கிறது, அது விலகினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பட்டியல் மறந்துபோன பின்னும் அந்த விடை மாணவரிடம் தங்கும். வேதியியலை வெறும் குறிப்புகளின் தொகுப்பு என்று ஒருகாலத்தில் எண்ணிய கிரிக்னார்டே, அதில் காரணங்களின் ஒழுங்கைக் கண்டுகொண்டவர்தாம்.