காற்றை அடைத்த கால்நடை மருத்துவர்

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வழியாகப் பேருந்தில் வரும் மாணவர்களுக்கு ‘டன்லப்’ என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர். அங்கே 1959-ல் தொடங்கிய டயர்த் தொழிற்சாலையின் ஓசை அடங்கிப் போயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

சென்னையில் பழங்கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது, புதுப்பித்து மெருகேற்றிய, கூரையில்லாத இருவர் கார்களைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். பித்தளை விளக்கைப் பார்ப்பார்கள். ஹாரனை அமுக்கிப் பார்ப்பார்கள். சக்கரத்தைப் பார்ப்பவர் சிலரே. அதனுள் காற்று இல்லாதிருந்தால் அந்த வண்டியில் ஏறியவரின் இடுப்பு என்னவாகியிருக்கும்!

ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டில் பிறந்தார். கால்நடை மருத்துவம் கற்று, 1867-ல் அயர்லாந்து சென்று, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் பெரிய மருத்துவராக விளங்கினார். குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர்தாம் குதிரையில்லா வண்டிக்கு வழி செய்தார் என்பது வேடிக்கைதான்.

அவருடைய மகன் ஜானியிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கல் பாவிய தெருவில் அதன் கெட்டி ரப்பர் சக்கரங்கள் பையனைக் குலுக்கி எடுத்தன. 1887-ல் தந்தை ஒரு மர வட்டை எடுத்து, அதன் விளிம்பில் ரப்பர்க் குழாயைச் சுற்றி, துணியால் மூடி ஆணியடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் குழாயை நிரப்பினார். பிறகு சைக்கிள் சக்கரத்தையும் இந்த வட்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். முன்னது பாதி வழியில் சாய்ந்தது; பின்னதோ முற்றத்தைக் கடந்து கதவில் போய் மோதியது. 1888-ல் காப்புரிமை கிடைத்தது.

1889-ல் பெல்பாஸ்ட் பந்தயத்துக்கு வில்லி ஹியூம் என்பவர் தடித்த சக்கரங்களுடன் வந்தபோது கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அவர் வென்றார், சிரிப்பு நின்றது. தொழிலதிபர் ஹார்வி டு கிராஸ் முன்வர, கம்பெனி பிறந்தது.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. இதே கருத்துக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தாராம்! அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. குதிரை வண்டிக்காகச் செய்தார், உலகம் வாங்கவில்லை, மறந்தது. டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. அவர் திருடினார் என்று சொல்வது நியாயமாகாது. தாம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. ஆயினும் முதல் பெருமை தாம்சனுக்கே உரியது என்பது என் கருத்து. விளிம்பில் டயரைப் பொருத்தும் வேறு காப்புரிமைகளை வாங்கிக் கம்பெனி பிழைத்துக்கொண்டது.

1895-ல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். பலமுறை பஞ்சர் ஆனாலும் வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். மறு ஆண்டு அது 30 இலட்சம் பவுனுக்குக் கைமாறியது. அவருக்குப் பெருஞ்செல்வம் சேரவில்லை. தாடி வைத்த அவர் முகம் மட்டும் விளம்பரங்களில் உலா வந்தது. ஓவியர்கள் தம்மைப் பகட்டுக்காரராக வரைந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

டப்ளினில் துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர், 1921 அக்டோபர் 23 அன்று மறைந்தார். அம்பத்தூரில் அவர் பெயரால் ஆலை எழுந்தது, அதற்கு 38 ஆண்டுகள் கழித்து.